ஒரு பெட்டரிக்கு இரண்டு கொன்ட்ரோலர் பூட்டலாமா?



1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் நின்றது. பல வருஷம் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். அந்தக் குடாநாட்டை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயில், காற்று, பெட்டரி, டீசல் நான்கையும் இணைத்து மின்சாரம் கொடுக்க 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. செலவு இந்தியாவின் நன்கொடை. திட்டத்தில் சோலார் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட்.

அது பெரிய வேலை. ஆனாலும் நம்ம லயத்துக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. பல வழியாக வரும் மின்சாரத்தை ஒரே இடத்தில் சேமிக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

மலைநாட்டில் பனிமூட்டம் அதிகம். அதனால் காலை வெயிலுக்கு ஒரு பெனல், பின்னேர வெயிலுக்கு இன்னொன்று என்று வைக்க நினைப்போம். பழைய கொன்ட்ரோலர் இரண்டையும் தாங்காவிட்டால் என்ன செய்வது? அதை வீசத் தேவையில்லை. புதுப் பெனலுக்கு வேறொரு கொன்ட்ரோலர் பூட்டி, இரண்டையும் ஒரே பெட்டரிக்குக் கொடுக்கலாம்.

இரண்டும் சண்டை பிடிக்காதா என்று கேட்பீங்க. தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்க. மிதவை வைத்த இரண்டு குழாய் ஒரே தொட்டியை நிரப்புகின்றன. மட்டம் ஏறினதும் ஒவ்வொன்றும் தானே மூடிக்கொள்ளும். ஒன்று கொஞ்சம் முந்தி மூடினாலும் மற்றது நிரப்பும். கொன்ட்ரோலரும் பெட்டரியின் வோல்ட்டைப் பார்த்து அப்படித்தான் குறைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

1. இரண்டிலும் ஒரே பெட்டரி வகையையும் ஒரே வோல்ட் அளவையும் வையுங்கள்.
2. ஒவ்வொரு பெனலும் தன் கொன்ட்ரோலருக்கு மட்டும். பெனலை நேரே பெட்டரிக்குக் கொடுக்காதீர்கள். பெட்டரி கொதித்துக் கெடும்.
3. ஒவ்வொரு கொன்ட்ரோலரிலிருந்தும் பெட்டரிக்குத் தனி வயர், பெட்டரிக்குப் பக்கத்தில் தனி பியூஸ்.
4. முதலில் பெட்டரியை இணையுங்கள், பிறகு பெனலை. கழற்றும்போது பெனலை முதலில் கழற்றுங்கள்.
5. இரண்டின் லைட் முனைகளையும் ஒன்றாக முடியாதீர்கள்.
6. 100 ஆம்பியர்-மணி ஈயப் பெட்டரிக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் கொடுத்தால் நல்லது.

ஈயப் பெட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். அடுப்படியில் வைக்கவே வேண்டாம். காற்றோட்டமான மூலையில், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மிச்சம் பிடித்த சம்பளத்தில் வாங்கிய பெட்டரி அது. வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டே பூட்டுங்கள். பிள்ளைகளின் படிப்பு விளக்கு அணையாமல் எரியட்டும்.