நாய் வளர்ப்போரும் நாய்க்கடித் தடுப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலத்தில் அமைந்த திருநெல்வேலியிலே தோட்டமும் வீடும் நெருங்கிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகமும் பெரிய மரக்கறிச் சந்தையும் அவ்வூரில் உள்ளமையால், வைகறை தொடக்கம் இரவு வரை ஒழுங்கைகளில் ஆள்நடமாட்டம் குறைவதில்லை. அங்கு வளவுக்குள் நாய் வளர்ப்பது பழைய வழக்கம். வெங்காயக் கொட்டிலுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இரவிற் காவலாய் நிற்பது அதுவே. ஆனால் கள்வனுக்கென வளர்த்த நாயிடம் அகப்படுபவர் பெரும்பாலும் கள்வரல்லர். அயல்வீட்டுப் பிள்ளையும் பால் கொண்டுவருபவருமே.

நாய்க்கடி என்றவுடன் கட்டாக்காலி நாய்களைக் குறைகூறுதல் மக்கள் இயல்பு. ஆயினும் கடிக்கும் நாய்களிற் பல, கடியுண்டவருக்கு முன்பே தெரிந்தவை; சொந்த வீட்டு நாயோ அயலவரின் நாயோ ஆகும். ஆகவே கடியைத் தடுக்கும் வாய்ப்பும் வளர்ப்பவரின் வளவுக்குள்ளேயே இருக்கின்றது.

முதலிற் கவனிக்கவேண்டியது வேலி. கிளுவைக் கதியாலும் பனையோலையும் கொண்டு அடைத்த வேலியில் ஒரு பொட்டு விழுந்தால், நாய் அதனூடே வெளியேறி, ஒழுங்கையையும் தன் எல்லையாகக் கொண்டு வழிப்போக்கரை மறிக்கும். வேலியடைப்பைப் பிற்போடுவோர், நாயைச் சங்கிலியிற் பிணித்தாற் போதுமென எண்ணுகின்றனர். அது தவறு. பகல் முழுவதும் குறுஞ்சங்கிலியிற் கிடக்கும் நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை. அஞ்சியபொழுது கடித்தலே அதற்கு எஞ்சிய வழி. கட்டத்தான் வேண்டுமெனின், இரு மரங்களுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியைப் பூட்டுதல் நன்று. நிழலும் தண்ணீரும் நாய்க்கு எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும்.

பழக்குதற்குரிய பருவம் குட்டிப் பருவமே. ஏறக்குறைய 3 ஆம் கிழமை தொடக்கம் 14 ஆம் கிழமை வரை பலவகை மனிதரையும் மாட்டையும் சைக்கிளையும் கண்டு பழகிய குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு எளிதில் வெருளாது. குட்டியை அடித்தும் சீண்டியும் சூக்காட்டியும் வளர்த்தாற் சிறந்த காவல் நாய் உண்டாகும் என்பர் சிலர். உண்டாவது ஆளறியாது கடிக்கும் நாயே. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியீன்ற நாயையும் அணுகாதிருக்கப் பிள்ளைகட்குக் கற்பித்தல் வேண்டும். சிறுவரின் முகம் நாயின் வாய்க்கு அண்மையில் இருப்பதால், கடி முகத்திலும் கழுத்திலும் விழக்கூடும். விசர்நோய்க் கிருமி நரம்பு வழியே மூளையை அடைவதாதலின், அத்தகைய கடி மிகக் கொடியது.

பெண்குட்டிகள் சம்பந்தமான ஒரு வழக்கம் சொல்லக் கூச்சந் தருவது. பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஈன்ற குட்டிகளுள் ஆண்குட்டியை வைத்துக்கொண்டு, பெண்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருவோர் இருக்கின்றனர். அவற்றுட் பிழைத்தவை கழிவுகளைத் தின்று, மனிதர் கைபடாமலும் தடுப்பூசி பெறாமலும் வளர்ந்து, ஓராண்டளவில் தாமும் ஈனுகின்றன. கட்டாக்காலி நாய் வானத்திலிருந்து வந்ததன்று. பெட்டைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் இத்தொடர் அறும். படலையடியில் ஆண்நாய்கள் கூடிச் சண்டையிடுவதும் ஒழியும்.

விசர்நோய் பற்றிய கட்டளைச்சட்டம் இலங்கையில் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களை உள்ளூராட்சி மன்றத்திற் பதிவு செய்தற்கான சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் ஆக்கப்பட்டன. ஆயினும் 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 வரை குறைந்துள்ளது. நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசியும், கடியுண்டோர்க்கு அரசாங்க வைத்தியசாலைகளில் அளிக்கும் சிகிச்சையுமே இதற்குப் பெருங் காரணம். ஓரிடத்து நாய்களில் 100 க்கு 70 ஆவது தடுப்பூசி பெற்றிருந்தால் நோய் பரவுதல் தடைப்படும். குட்டிக்கு 6 கிழமை நிறைந்ததும் ஊசி ஏற்றுவித்துப் பின்னர் ஆண்டுதோறும் தொடர்தல் வேண்டும்.

இவ்வளவு கவனித்தும் கடி நேர்ந்தால், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் ஆகியவற்றை அப்புதல் கூடாது. கீறல் சிறிதாயினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. நோயின் குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. கடித்த நாயை அடித்துக் கொல்லாது, 14 நாள் கட்டிவைத்து அவதானித்தல் வேண்டும். அந்நாள் முடியட்டுமெனச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது.

மாடு வளர்ப்போர் இன்னுமொன்றை அறிந்திருத்தல் அவசியம். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் வரும். அம்மாடு ஓயாது கதறும், வாயிலிருந்து எச்சில் வடியும், விழுங்க மாட்டாது. மாங்கொட்டை தொண்டையிற் சிக்கியதோவென ஐயுற்று வாய்க்குள் கைவிட்டுத் தேடுவது கமக்காரர் இயல்பு. எச்சிலிலே கிருமி இருத்தலின், கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அது புகுந்துவிடும். அத்தகைய மாட்டைத் தனியே கட்டிவிட்டு மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். அறியாது முன்னரே கைவிட்டவர், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கடியுண்டவரைப் போலவே அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.