குழந்தைக்கு இடைவிடாச் சர்க்கரைமானி: தேர்வும் செலவும்

அங்கத்தினர் வீடொன்றில் ஒரு சிறு குழந்தைக்கு நீரிழிவு என்று வைத்தியர் கூறினால், இனிப்பை மிகுதியாகத் தின்றதன் விளைவு என்று அயலார் பேசுவர். அது பிழை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை நீரிழிவு. உடலின் காப்புச் சக்தியே தவறுதலாகக் கணையத்தைத் தாக்கி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இதில் பெற்றோர் குற்றமும் இல்லை, குழந்தையின் குற்றமும் இல்லை. 1922 ஜனவரியில் டொரோண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்திருந்தது அரிது. எனவே எந்த மருந்தை நம்பியும் இன்சுலினை நிறுத்துதல் உயிருக்கே இறுதியாகும்.

இன்சுலின் குறைந்தால் சர்க்கரை ஏறும், கூடினால் இறங்கும். குறிப்பாக நள்ளிரவில் இறங்குவதே பெற்றோரின் பேரச்சம். விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அந்த ஒரு கணத்தின் அளவை மட்டும் காட்டும். வாய்க்காலின் மதகில் ஒரு நாழிகை நின்று பார்த்தவன், இரவு முழுவதும் நீர் எவ்வாறு ஓடிற்று என்பதை அறியான். இடைவிடாச் சர்க்கரைமானியோ இரவு பகலாக ஓட்டத்தைக் காட்டுகிறது. அதன் சென்சார் புயத்தில் ஒட்டப்பெறும். மெல்லிய இழையொன்று தோலடி நீரிலுள்ள சர்க்கரையை அளக்கும். இரத்தத்தின் அளவை விட இது சில நிமிஷங்கள் பின்தங்கியே காட்டும். ஆகவே குழந்தைக்கு வியர்வையும் நடுக்கமும் கண்டு, கருவி மட்டும் சரியான அளவைக் காட்டினால், விரலில் குத்திப் பார்த்தலே முறை.

வாங்குமுன் நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, சர்க்கரை இறங்கும்போது தானே ஓசை எழுப்புமா, அல்லது நாம் செல்போனை அருகே கொண்டுபோனால்தான் காட்டுமா? இரவுக் காவலுக்கு ஓசை எழுப்புவதே உகந்தது. இரண்டாவது, நம் வீட்டுச் செல்போனுடன் அது இணையுமா? மூன்றாவது, ஒரு சென்சார் எத்தனை நாள் உழைக்கும், எந்த வயது முதல் அணியலாம்? நான்காவது, தண்ணீரில் எவ்வளவு தாங்கும்? பரவலாக விற்கும் ஒரு வகை, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் வரையே தாங்கும். காவிரியிலும் குளத்திலும் குதித்து விளையாடும் நம் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவைத்தல் நலம்.

இனிச் செலவு. சென்சார் ஒன்றின் விலை ரூ. 4,500 என்றும், 14 நாள் உழைக்கும் என்றும் கணக்கின் பொருட்டுக் கொள்வோம். அங்கத்தினர் தம் ஊர்க் கடை விலையை இட்டுத் திருத்திக்கொள்க. ஆண்டு முழுவதும் அணிய 26 சென்சார் வேண்டும். ஆகும் தொகை ரூ. 1,17,000. இங்கிலாந்தில் 2022 முதல், முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகள் அனைவருக்கும் இக்கருவியை அளிக்குமாறு அரசாங்க வழிகாட்டி கூறுகிறது. நம் நாட்டிலோ பெரும்பாலும் பெற்றோரே கைப்பணம் தரவேண்டியுள்ளது.

இத்தொகை இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. வைத்தியரின் ஆலோசனைப்படி ஆண்டில் நான்கு முறை, மும்மாதத்திற்கு ஒன்றாக அணிவித்தால் ரூ. 18,000 ஆகும். இன்சுலின் அளவை மாற்றும்போதும், பள்ளி திறக்கும்போதும் அணிவித்தால், அந்த 14 நாளின் வரைபடம் வைத்தியருக்குப் பெரிதும் உதவும். ஏனைய நாட்களில் விரற்சோதனை தொடர வேண்டும். இன்சுலின் முதலாவது, சோதனைப் பட்டை இரண்டாவது, சென்சார் மூன்றாவது என்ற வரிசையை மாற்றலாகாது. அரசு மருத்துவமனையில் இன்சுலினை விலையின்றிப் பெற்று, மிஞ்சும் பணத்தைச் சென்சாருக்கு ஒதுக்குதல் சிக்கனமாகும்.

உழவருக்குப் பணம் வருவது குறுவை அறுவடையிலும், சம்பா தாளடி அறுவடையிலும். நெசவாளருக்கோ புடவையை அறுத்துக் கொடுத்த பின்னரே கூலி. குழந்தையின் செலவு மட்டும் தவணை தவறாது வரும். ஆகவே நெல் விற்ற அன்றே ஆண்டுத் தொகையைப் பிரித்து வைப்பில் இடுதல் நன்று. நெசவாளர் மாதம் ரூ. 1,500 வீதம் தொடர் வைப்பில் சேர்த்தால் ஆண்டில் ரூ. 18,000 சேரும். நகைக்கடன் பெற்றுச் சென்சார் வாங்குதல் தகாது. 14 நாளில் தீரும் பொருளுக்கு வட்டி மட்டும் தீராது நிற்கும்.

இறுதியாக ஒன்று. கருவி எச்சரிக்கும், காப்பது வீட்டாரே. அளவு 70க்குக் கீழ் இறங்கினால் உடனே சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி போதும். சிறு குழந்தைக்குரிய அளவை வைத்தியரிடம் எழுதி வாங்கி, அடுப்படியிலும் பள்ளி ஆசிரியரிடமும் வைத்தல் வேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அங்கத்தினர் சிந்தனைக்கு:

1. நம் குடும்பத்தின் ஆண்டு வரவு எந்தெந்த மாதங்களில் வருகிறது? அதில் மருத்துவத்திற்கென முன்பே ஒதுக்குவது எவ்வளவு?

2. இத்தகைய குழந்தையுள்ள குடும்பங்கள் ஒன்றுகூடி விலை விசாரித்தால் விளையும் நன்மை யாது?

3. நம் தெருக் குழந்தை ஒன்று வியர்த்து நடுங்கினால், சர்க்கரை கொடுக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?