செய்தி ஓரிடம், பழுது வேறிடம்!

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணிப்பொறியை அமைக்கலாம். இதற்கு மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர். அதன் வட்டில் உள்ள அனைத்தையும் கோப்பாகச் சேமித்துவைத்தால் அது படிமம். ஒரே அச்சில் பல செங்கற்கள் அறுப்பதுபோல, ஒரு படிமத்திலிருந்து நூறு கணிப்பொறிகளை உண்டாக்கலாம். அச்சில் கோணல் இருந்தால் எல்லாச் செங்கற்களும் கோணலாகும் அன்றோ? ஆகவே படிமம் பிழையின்றி அமைதல் வேண்டும்.

படிமங்களைத் தானாகவே ஆக்கித் தரும் மென்பொருள்களுள் ஒன்று, 2013இல் வெளிவந்த பேக்கர். அதன் வேலை ஒரு சங்கிலித் தொடர். முதலில் மெய்நிகர் கணிப்பொறியை இயக்கும். சில விநாடிகள் பொறுத்து, அதன் விசைப்பலகையில் தானே கட்டளையைத் தட்டும். உடனே லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவும் பணி தொடங்கும். மொழி எது, பாஸ்வேர்டு என்ன என்ற கேள்விகளுக்கு மனிதர் விடை சொல்வதில்லை; ஒரு விடைக் கோப்பு சொல்கிறது. நிறுவி முடிந்ததும், எஸ்.எஸ்.எச். என்னும் தொலைவழி இணைப்பின் மூலம் பேக்கர் உள்ளே நுழைந்து மற்ற வேலைகளைச் செய்யும்.

சில வேளைகளில் 'எஸ்.எஸ்.எச். இணைப்புக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது' என்று செய்தி வரும். அப்படியானால் இணைப்பில்தான் பழுதா? அவசரப்பட வேண்டாம். காத்திருப்பு எங்கே முடிந்தது என்பதைத்தான் செய்தி சொல்கிறது; பழுது எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லவில்லை.

இங்கே பௌதிகம் கைகொடுக்கும். தொடரிணைப்பில் 16 சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று பழுதாகி, எல்லாம் அணைந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சோதித்தால் 15 சோதனைகள்கூடத் தேவைப்படலாம். பாதித் தொடரில் மின்னோட்டம் செல்கிறதா என்று பார்த்தால், பழுது எந்தப் பாதியில் என்பது தெரியும். 16 என்பது 8, 4, 2, 1 எனச் சுருங்கும். நான்கே சோதனைகள்!

நமது சங்கிலியிலும் நடுவில் பார்ப்போம். மெய்நிகர் கணிப்பொறியின் திரையைத் திறந்து நோக்குங்கள்.

திரையில் 'எந்த மொழி?' என்ற கேள்வி நிற்கிறதா? விடைக் கோப்பு போய்ச் சேரவில்லை. ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். அல்லது திரையில் பட்டியல் தோன்றும் முன்பே கட்டளை தட்டப்பட்டிருக்கலாம்.

கோப்புகள் இன்னும் பதிவாகிக்கொண்டே உள்ளனவா? பழுதே இல்லை! காத்திருக்கும் நேரம்தான் போதவில்லை. நாம் மாற்றாவிட்டால் பேக்கர் காத்திருப்பது 5 நிமிடங்களே. அதை 30 ஆக்கிப் பாருங்கள்.

பயனர் பெயரைக் கேட்டு நிற்கிறதா? நிறுவும் பணி முடிந்துவிட்டது. இப்போதுதான் இணைப்பை ஐயுற வேண்டும்: எஸ்.எஸ்.எச். சர்வர் நிறுவப்பட்டதா, பாஸ்வேர்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எது பயன் தந்தது என்று அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கடைப்பிடிக்கும் விதியும் இதுதான்.

சங்கிலியில் 1000 கண்ணிகள் இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் பழுதானால் எத்தனை சோதனைகள் போதும்? கணக்கிட்டுப் பாருங்கள், விடை உங்களை வியக்கவைக்கும்!