நோயாளர் பணிவிடையும் தொண்டரும்

ஆசிரியர்காள், தொண்டின் இயல்பினை ஓதுவிக்கும்போது நம் வன்னி நாட்டில் 2009ஆம் ஆண்டு நிகழ்ந்த தொன்றையும் மாணாக்கர்க்கு எடுத்துரைப்பீராக. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகவே, பெப்புருவரியில் நோயாளர் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டனர். அங்கே பள்ளிக்கூடமே வைத்தியசாலையாயிற்று. வைத்தியர் மிகச் சிலர். காயம்பட்டோரோ மிகப் பலர். அம்மாதம் 10ஆம் நாள் தொடக்கம் செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைக் கப்பல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. கப்பல் கடலிலே நிற்க, நோயாளரைக் காவிச்சென்று சிறு படகேற்றியோருள் தொண்டர் பலர். வைத்தியர் பெயர் உலகறியும். இவர் பெயரை எழுதிவைத்தார் அரியர்.

நீரூட்டலும் புரட்டிக் கிடத்தலும் வெறும் ஏவலென்பாருளர், யான் உடன்படேன். புரட்டாத உடம்பிலே படுக்கைப்புண் தோன்றும். ஆதலின் அதுவும் சிகிச்சையின் கூறே. நெளுக்குளத்து மாணாக்கர் தத்தம் சுற்றத்தாருள் அந்நாளிலே இவ்வாறு பணிசெய்தாருளரோவென வினவி, அவர் கைகள் செய்தவற்றை ஒவ்வொன்றாக எழுதிவருக.