சம கனம்: மகா பசிலியுவின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

வேதபகுதி: மத்தேயு 28:16-20, 25:31-46



உபதேச தர்க்கம் ஒரு பக்கம், இரக்கத்தின் ஊழியம் மறுபக்கம் என்று நாம் பிரித்துவிடுவதுண்டு. ஆதித் திருச்சபையில் இவ்விரண்டையும் சேர்த்துச் சுமந்தவர் மகா பசிலியு. அவர் ஊழியம் செய்த கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியா, இன்றைய துருக்கியில் கைசேரி என்று அழைக்கப்படுகிறது.

கி.பி. 369-ஐ ஒட்டி அங்கே கொடிய பஞ்சம் உண்டாயிற்று. அப்போது குருவானவராயிருந்த பசிலியு தம் ஆஸ்தியை ஏழைகளுக்காகச் செலவிட்டார். களஞ்சியங்களைப் பூட்டிவைத்த ஐசுவரியவான்களைப் பிரசங்கத்தில் கடிந்துகொண்டார். பசித்தோருக்குத் தாமே பரிமாறினார். 370-இல் அத்தியட்சரானார்.

குமாரனும் பரிசுத்த ஆவியானவரும் பிதாவுக்குச் சமமானவர்களா, தாழ்ந்தவர்களா? அக்காலச் சபையை உலுக்கிய கேள்வி இதுவே. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று 325-இல் நிசேயா சங்கம் அறிக்கையிட்டிருந்தும், பேரரசர் வாலன்ஸ் எதிர்த்தரப்பையே ஆதரித்தார். அவருடைய அதிகாரி மொதெஸ்து, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல், மரணம் என்று பசிலியுவைப் பயமுறுத்தினார். பழைய உடையும் சில புத்தகங்களுமே உள்ளவனிடம் எதைப் பறிமுதல் செய்வது என்று அவர் பதில் கூறியதாக நண்பர் நசியான்சு கிரெகோரி எழுதியிருக்கிறார்.

ஆவியானவரைச் சமமாகத் துதிக்க மறுத்தோருக்கு விடையாக, ஏறக்குறைய 375-இல் ஆவியானவரைக் குறித்தே ஒரு நூல் எழுதினார். மூவருடைய நாமத்திலும் ஞானஸ்நானம் பெறுகிறோம். ஆகவே மூவருக்கும் சம கனம் உரியது என்பது அவர் வாதம். அவர் மறைவுக்குப்பின், 381-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம் இவ்விசுவாசத்தை உறுதிப்படுத்தியது.

இதே அத்தியட்சர் நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் இல்லங்கள் கட்டி, மருத்துவர்களையும் பணிவிடை செய்வோரையும் அமர்த்தினார். ஊரார் விரட்டிய தொழுநோயாளிகளைச் சகோதரராக முத்தமிட்டு ஏற்றார் என்று கிரெகோரி சாட்சியிடுகிறார். அவரை எதிர்த்த வாலன்ஸே அந்த ஏழைகளுக்கென நிலங்கள் கொடுத்ததாகத் தியோடரெட் எழுதிய சபை வரலாறு கூறுகிறது.

திரியேக தேவனுக்குரிய கனத்தைக் கூறுபோட மறுத்தவர், தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதரையும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பிரிக்கவில்லை. மருத்துவமனை வாசலில் வந்து நிற்பவரை எப்படி ஏற்கிறோம் என்பதும் ஒரு விசுவாச அறிக்கையே. உங்கள் ஜெபமும் காணிக்கையும் அந்த அறிக்கையில் சேர்ந்தவை.

சிந்திக்க:
1. நாம் அறிக்கையிடும் விசுவாசம் நம் கைகளின் கிரியையில் காணப்படுகிறதா?
2. நம்மிடையே சம கனம் பெறாதவர் யார்?