டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டே கேர்' என்ற சொல் இருக்கிறதா?

கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். டாக்டர் அறைக்குப் போகும் முன் பில்லிங் கவுண்டருக்குப் போங்கள். "இதை டே கேர் அட்மிஷனாகப் போடுவீர்களா, ஓ.பி. பில்லாகப் போடுவீர்களா?" என்று கேளுங்கள். ஓ.பி. என்றால், பணம் கட்டும் முன்பே பேசி மாற்றுங்கள். இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சம்பா வெள்ளாமையில் மிஞ்சிய பணம் அதிலேயே போனது.

என் மனைவிக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது, நேராக வைத்த புள்ளி வரிசை நடுவில் வளைந்து தெரிகிறது என்றாள். திருச்சியில் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரெட்டினாவின் நடுவில் இருக்கும் மாக்குலாவில் நீர் கோத்திருந்தது. ரத்தக் குழாய் கசிவதற்குக் காரணமான புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்த வேண்டும், முதலில் மாதம் ஒரு ஊசி, பிறகு ஸ்கேனைப் பார்த்து இடைவெளி விடலாம் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனை, பிரஷர், ஒப்புதல் கையெழுத்தெல்லாம் எங்கும் நடப்பதுதான்.

அந்த ஊசி எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தவர்கள் யாரும் அதை ஓ.பி. சிகிச்சை என்று சொல்ல மாட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் அங்கி மாட்டி அழைத்துப் போகிறார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைக்கிறார்கள். இமையையும் சுற்றுப்புறத்தையும் அயோடின் மருந்தால் துடைத்து, இமை மூடாமலிருக்கக் கிளிப் போட்டு, அளந்து குறித்த இடத்தில் ஊசியை இறக்குகிறார்கள். பிறகு கொஞ்ச நேரம் படுக்க வைத்து அனுப்புகிறார்கள். இத்தனையும் நடந்த பிறகு அந்த மருத்துவமனை கொடுத்த பில்லில் இருந்தது "ஓ.பி. ப்ரொசீஜர்" என்ற இரண்டு சொல். அட்மிஷன் நேரம் இல்லை, தியேட்டர் குறிப்பு இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. கேட்டபோது, "ஊசிக்கெல்லாம் சம்மரி தர மாட்டோம் சார்" என்றார்கள். காப்பீட்டு நிறுவனம் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை, இது வெளிநோயாளி சிகிச்சை, கிளைம் நிராகரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது.

இதற்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளின் பட்டியல் உண்டு. கண்ணுக்குள் போடும் ஊசி, அதாவது 'இன்ட்ராவிட்ரியல் இன்ஜெக்ஷன்', அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி. பாலிசியில் "நவீன சிகிச்சைகள்" என்ற பகுதியைத் தேடி, உங்கள் வரம்பு எவ்வளவு என்று இன்றைக்கே பென்சிலால் கோடிட்டு வையுங்கள். அதிலேயே, உள்நோயாளியாகவோ டே கேராகவோ இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். எங்களைக் கவிழ்த்தது அந்த நிபந்தனைதான்.

விவசாயிகளான நமக்கு இது புதிதல்ல. பயிர்க் காப்பீட்டில் வயல் நிறைய நாற்று நட்டிருந்தாலும், அடங்கலில் ஏறாத பயிருக்கு ஒரு பைசா கிடையாது. வி.ஏ.ஓ. எழுதியதுதான் கணக்கு. கண் ஊசிக்கு அடங்கல், டிஸ்சார்ஜ் சம்மரி. சேர்ந்த நேரம், வெளியேறிய நேரம், தியேட்டரில் செய்தது, மரப்பு மருந்து கொடுத்தது, நோயின் பெயர், எந்தக் கண், மருந்தின் பெயர், டே கேர் என்ற சொல், அத்தனையும் அதில் இருக்க வேண்டும். மருந்து டப்பாவின் பேட்ச் ஸ்டிக்கரையும், ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த ஓ.சி.டி. அறிக்கைகளையும் சேர்த்து வையுங்கள்.

இருநூறு வருடத்துக்கு முன் எங்கள் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, பக்கத்தில் நோயையும் சிகிச்சையையும் எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இன்றைக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மருத்துவமனைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

இன்னொன்று. பாலிசி எடுத்தபோது ஏஜென்ட், "சர்க்கரை இருக்குன்னு எழுதாதீங்கண்ணே, பிரீமியம் ஏறிடும்" என்றார். நான் எழுதினேன். அதிகப் பிரீமியம் கட்டினேன், காத்திருப்புக் காலத்தையும் பொறுத்தேன். கிளைம் தகராறில் நிறுவனம் முதலில் தோண்டியது சர்க்கரையைத்தான். முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. இப்போது, 2024 விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

மருந்து விஷயத்தில் என் மைத்துனர் இன்றும் குறை சொல்கிறார்: "அவாஸ்டின் போட்டிருந்தா இவ்வளவு செலவு ஏது மாமா?" அவாஸ்டின் மட்டமான மருந்தில்லை. புற்றுநோய்க்கு வந்த மருந்தைச் சிறு அளவில் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2013-ல் அதைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2016 ஜனவரியில் அதைக் கண்ணுக்குப் பயன்படுத்துவது பற்றி வந்த எச்சரிக்கை மார்ச் மாதமே திரும்பப் பெறப்பட்டது. விலையும் மற்றவற்றைவிட மிகக் குறைவு. இதே வேலைக்கான இன்னொரு மருந்தான ரனிபிசுமாபின் மாற்று வடிவத்தை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 2015-ல், ஓர் இந்திய நிறுவனம்தான். அதனால் அதன் விலையும் இறங்கியது. ஆனால் அதே 2015-ல் வந்த அமெரிக்க ஆய்வு, சர்க்கரையால் மாக்குலாவில் நீர் கோத்தவர்களில், பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு அவாஸ்டின், ரனிபிசுமாப், அப்லிபர்செப்ட் மூன்றும் ஒன்றுபோலவும், நன்றாகவே குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அப்லிபர்செப்ட் மேலாகவும் வேலை செய்ததாகச் சொன்னது. என் மனைவி இரண்டாவது வகை. டாக்டர் அப்லிபர்செப்ட் சொன்னார், அதையே போடச் சொன்னேன். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. நீங்களும் உங்கள் பார்வை அளவைச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள்.

நம் கையில் பணம் வருவது குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை. ஊசி மாதாமாதம் வரும். கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறிய வாரமே, ஊசிக்கும் பிரீமியத்துக்கும் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். புதுப்பிக்க 30 நாள் சலுகை உண்டு. ஆனால் வருடப் பிரீமியம் கட்டுகிறவர்களுக்கு அந்த இடைவெளியில் போடும் ஊசிக்குப் பணம் வராது.

கடைசியில் வேறு மருத்துவமனைக்கு மாறி, டே கேராகப் போட்டு, முறையான சம்மரி வாங்கினோம். அப்போதும் நிறுவனம் மறுத்தது. சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, 30 நாளில் பதில் தராவிட்டாலோ அங்கே போகலாம். 2019 வழிகாட்டுதலின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து வைத்தேன். டே கேராகப் போட்ட ஊசிகளுக்கு, வரம்புக்கு உட்பட்டுப் பணம் வந்தது. ஓ.பி. பில் போட்ட ஊசிகளுக்கு வரவேயில்லை, இனியும் வராது.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளருக்கு எழுதிவிடுங்கள். வழக்கு முடியட்டும் என்று மட்டும் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.