வாரத்தில் எதற்கு முதல் இடம்?

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க நேரமே இல்லை, பாட்டு வகுப்பு நின்றுபோய்விட்டது, ஆச்சியோடு பேசி நாளாகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, காலை நான்கரை மணியிலிருந்து இரவு பதினொன்று வரை தினசரி அட்டவணை ஒன்று போட்டுத் தரும்படி கேட்டிருக்கிறாய். நான் அதைப் போட்டுத் தரப்போவதில்லை.

வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் ரொம்பச் சின்னது. படிப்பு, பாட்டு, உடற்பயிற்சி, வீடு எல்லாவற்றையும் தினமும் அதற்குள் திணித்தால், புதன்கிழமை தாம்பரம் ரயில் தாமதமானதும் அன்றைய திட்டம் கெட்டுப்போகும். அந்த வெறுப்பில் வியாழனும் போய்விடும். வாரக் கணக்கில் போட்டால் புதனில் விட்டதை வெள்ளியில் பிடித்துக்கொள்ளலாம். நீ எழுதியவற்றில் ஒன்றுகூட தினமும் நடந்தே தீர வேண்டியதில்லை. ஆனால் வாரம் முடிவதற்குள் நடந்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் தினமும் 7 என்றால் 49. அதில் கை வைக்காதே, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். ஆறு நாள் அலுவலகம், தினமும் 9 மணி என்றால் 54. கிண்டிக்குப் போய்வர இரண்டரை மணி வீதம் 15. குளிப்பது, சாப்பிடுவது, துவைப்பது, அறையைக் கூட்டுவது என்று தினம் 3 வைத்தால் 21. மொத்தம் 139. மிச்சம் 29. நேரமே இல்லை என்ற உன் பேச்சு அவ்வளவு சரியில்லை. ஆனால் இந்த 29 மணியும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. நீ பெயர் எழுதி வைக்காத துண்டை வேறு யாராவது எடுத்துக்கொள்கிறார்கள்.

வார்டில் டூட்டி சார்ட் போடும் பொறுப்பு வெகுகாலம் என் கையில் இருந்தது. முதலில் நைட் டூட்டியை நிரப்புவோம், அடுத்து யாருக்கு எந்தக் கிழமை ஆஃப் என்று எழுதுவோம், பகல் டூட்டிக்குக் கடைசியில்தான் வருவோம். பகலுக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடும். நைட்டைக் கடைசிக்கு விட்டால் கெஞ்சித்தான் ஆள் பிடிக்க வேண்டும். உன் வாரத்திலும் கடைக்குப் போவது, செல்போன், தோழியின் வளைகாப்பு இவையெல்லாம் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். படிப்பும் பாட்டும் ஆச்சியும் அப்படி இடம் கேட்டு வந்து நிற்காதவை. அவற்றை முதலில் எழுது. கிழமையும் மணியும் போட்டு, பேனாவால் எழுது. மற்றதெல்லாம் பென்சிலில் இருக்கட்டும்.

நீ அனுப்பிய பட்டியலில் ஏழு ஆசைகள் இருந்தன. இந்த ஆண்டுக்கு மூன்று போதும். ஸ்போக்கன் இங்கிலீஷும் யோகா வகுப்பும் தேர்வு முடிகிறவரை நிற்கட்டும். தட்டச்சு வகுப்பு, தட்டச்சர் அல்லது சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிக்குக் குறி வைத்தால்தான் வேண்டும். இளநிலை உதவியாளர் போதும் என்றால் இப்போது அதுவும் வேண்டாம். எதையும் விடாமல் வாரத்தைத் திட்டமிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. விடுவதற்கு மனம் வராமல்தான் பலர் தாள் மேல் தாளாக அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்புக்குள்ளும் இதே முறைதான். குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். மறுபாதியில் பொது அறிவு 75, திறனறிவு 25. நீயோ ராத்திரியெல்லாம் நடப்பு நிகழ்வுகள் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய்! படிக்கும் நேரத்தில் பாதியைத் தமிழுக்குக் கொடு. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடநூல்களை வரிசையாக எடு.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து படித்துவிடுகிறேன் என்கிற எண்ணமும் வேண்டாம். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, நினைவு எப்படித் தேய்கிறது என்று 1885-ல் புத்தகம் வெளியிட்டார். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பல நாட்களில் பிரித்துப் படித்தால் குறைந்த தடவையிலேயே மனதில் தங்குகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. அதனால் செவ்வாய், வியாழன், வெள்ளி காலை ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் வரை, புதன் இரவு ஒன்றரை மணி, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை என்று வைத்துப் பார். 9 மணி நேரம் வருகிறது. ரயில் நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதே. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி படிப்பதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அந்த நேரத்தில் பாட்டுக் கேள்.

உங்கள் ஹாஸ்டலில் ஞாயிறு காலை துவைக்கிற கல்லுக்கு வரிசை நிற்குமென்று எழுதியிருந்தாய். வாளியை வைத்து இடம் பிடித்து, முறை வருவதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது, பிறகு கொடியிலும் இடமில்லை. துணியைத் திங்கள் இரவுக்கு மாற்று. சாப்பிடப் போகும் முன் ஊறவைத்துவிட்டால் வந்ததும் அலசிப் போட்டுவிடலாம். வாரத்தின் நல்ல மூன்று மணி நேரம் இந்த ஒரு மாற்றத்தில் உனக்குத் திரும்பிவிடும்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று நீ நினைக்கிறாயோ, அதோடு பாதியைச் சேர்த்துக்கொள். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள், ஆனது சுமார் 55. சோம்பேறிகள் என்பதால் அல்ல. திட்டமிடும்போது எல்லாம் தடையில்லாமல் நடக்கும் என்றுதான் மனம் எண்ணுகிறது.

சனிக்கிழமை மாலை பாட்டு வகுப்புக்கு இரண்டு மணி. ஞாயிறு மாலை ஒரு மணி ஆச்சிக்கு. அதை வார நாளுக்கு மாற்றாதே. ஞாயிறன்றுதான் உன் அப்பாவும் சித்தியும் ஆச்சியோடு இருப்பார்கள். ஆளுக்கொரு நாள் ஓய்வு என்றால் என்ன ஆகும் என்று கேள். சோவியத் நாட்டில் 1929-ல் ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்து நாள் சுழற்சி கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கக் கூடாதென்று தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு நாளில் விடுமுறை கொடுத்தார்கள். ஓய்வு நாள் முன்பைவிட அதிகம்தான். ஆனால் கணவனுக்கு ஒரு நாள் விடுப்பு, மனைவிக்கு வேறொரு நாள் என்றானது. 1931-ல் ஆறு நாள் சுழற்சிக்கு மாறி, 1940-ல் ஏழு நாளுக்கே திரும்பினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிற ஓய்வைப் படிப்பு சாக்கில் தொலைத்துவிடாதே.

இதுவரை 12 மணி. மீதி 17 மணியைக் காலியாகவே விடு. எதையாவது எழுத உனக்குக் கை துறுதுறுக்கும், வேண்டாம். காய்ச்சல், ஓவர்டைம், திடீர் விருந்தாளி, சும்மா படுத்துக் கிடப்பது எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும்.

சில வாரங்கள் இதற்கும் அடங்காது. மாதக் கடைசி, பொங்கல், ஊர்க் கல்யாணம். அந்த வாரத்துக்கென்று ஒரு சின்னத் திட்டம் இப்போதே எழுதி வை. தமிழ் மட்டும், மூன்று நாள், அரைமணி வீதம். ஆச்சிக்கு ஐந்து நிமிடப் போன். அவ்வளவு நடந்தால் அந்த வாரத்துக்குப் போதும், விட்டதை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றாதே.

ஞாயிறு இரவு ஏழு கட்டம் போட்டு எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பட்டியலில் எதையெல்லாம் விட்டாய் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அத்தை